துருத்துவது குழல் அல்ல, கைப்பிடி

டெக்சாஸ் வெயிலில் வெறும் டி-ஷர்ட், 28 அங்குல இடுப்பு, சட்டைக்குள் மறைத்து வைக்கும் க்ளாக் 19 கைத்துப்பாக்கி துருத்துகிறது, அதே க்ளாக்கின் 43எக்ஸ் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 43எக்ஸ் மெலிசுதான், ஆனால் உயரம் 19-ஐப் போலவே சுமார் 5 அங்குலம். ஒல்லி உடம்பில் சட்டையைத் தூக்கிக் காட்டுவது கைப்பிடியின் அடிமுனைதான். சிக் பி365 என்ற சிறிய துப்பாக்கியின் உயரம் 4.3 அங்குலம், 10 தோட்டா பிடிக்கும். சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா என்று கடையில் பிடித்துப் பாருங்கள். உதைப்பு கொஞ்சம் கூடும்.

அதற்கு முன், உங்கள் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) 'க்ளா' இருக்கிறதா? பெல்ட்டில் அழுந்தி, கைப்பிடியை உடம்போடு திருப்பும் சிறு துண்டு அது. உறையின் அடியில் நுரை வெட்ஜ் (ஆப்பு போன்ற துண்டு) ஒட்டினால் மேல்பகுதி வயிற்றோடு சாயும். விசையை (ட்ரிகரை) முழுக்க மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையே வேண்டும். தொளதொளத்த துணி உறை மடங்கி உள்ளே நுழைந்து விசையை அழுத்திவிடலாம், ஆபத்து. பெல்ட் தொய்ந்தால் இதெல்லாம் வீண்.