கையெழுத்திட்ட வெற்று ஃபார்மை நம்பி 4x4 வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே குடியிருக்கிறோம். வீட்டுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது குழந்தை வரப்போகிறது. கர்நாடகப் பதிவெண் கொண்ட 2016 மகிந்திரா ஸ்கார்பியோ 4x4 (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) ஒன்றைப் புரோக்கர் காட்டினார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டும் உரிமையாளர் கையெழுத்தோடு, மற்றபடி வெற்றாகப் புரோக்கரிடம் உள்ளன. பாதிப் பணத்தை இன்றே கேட்கிறார். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருக்கிறது. முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு), பெரிய டயர். வாங்கலாமா?

பதில்: வண்டி நல்லதாக இருக்கலாம். ஆனால் இந்த நிபந்தனையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாத ஃபார்ம், வண்டி கைமாறியதற்குச் சான்று ஆகாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. நாளை விபத்து நடந்தால் வழக்கு அவர் மேல் போகும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மோ நிராகரிக்கப்படும்.

முதலில் ஆர்.சி.யின் மாடல் கட்டத்தைப் பாருங்கள். அதில் 4டபிள்யூடி (4x4-இன் இன்னொரு பெயர்) என்று இல்லாவிட்டால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவன டீலரிடம் அது தொழிற்சாலையிலேயே 4x4 ஆக வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பிற்பாடு மாற்றிக் கட்டிய 4x4, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு எதிரானது. சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஓர் எண் மட்டும் ஆழம் குறைந்தோ, சுற்றிலும் அரத்தால் தேய்த்த தடத்தோடு புது பெயிண்டோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கடனுக்கு வருவோம். கடன் கொடுத்த வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் பதிவாகாது. எனவே நிலுவைத் தொகையை நேரடியாக அந்தக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள், புரோக்கர் கையில் அல்ல. வங்கி தரும் நோ டியூ (பாக்கி இல்லை) கடிதமும் ஃபார்ம் 35-உம் வந்தபின் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு, கேன்சல் ஆகும். அதன்பிறகு உரிமையாளரே ஃபார்ம் 28-இல் கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். அபராதம் ஏதும் பாக்கி இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். மீதிப் பணத்தை என்.ஓ.சி. வந்தபின், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். டெலிவரி தேதியோடு நேரத்தையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வேறு மாநிலம் என்பதால், வண்டி கைமாறியதை விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க 45 நாள். உங்களுக்கு 30 நாள்தான்! ஃபார்ம் 29, 30-உடன் புது பதிவெண்ணுக்கு ஃபார்ம் 27-உம் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.வில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள்கால வரி தனியே வரும். அதை முன்கூட்டியே அங்கே கேட்டு, விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்து தவிக்கிறார்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான பொறுப்பு பிரிவு 157-இன்படி தானாக உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

புல் பாரையும் டயரையும் விற்பவர் செலவிலேயே கழற்றி, கம்பெனி அளவில் டயர் போட்டுத் தரச் சொல்லுங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிரிவு 182ஏ-இன்படி 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டால் 4x4 போட்டு ஓட்டும்போது டிரான்ஸ்பர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பாகம்) தேயும்.

குடும்பத்துக்கு என்று வாங்குகிறீர்கள், ஆகவே பெல்ட்டை எண்ணிப் பாருங்கள். பின்னால் பக்கவாட்டு இருக்கை மட்டும் உள்ள வண்டி என்றால், பெல்ட் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்காதீர்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணித்தால் பிரிவு 194பி-இன்படி 1,000 ரூபாய் அபராதம். மூன்று பிள்ளைக்கும் முன்னோக்கிய இருக்கையும் பெல்ட்டும் இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

உரிமையாளரை நேரில் பார்க்கவிடாமல் புரோக்கர் தடுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.