பனி டயர் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு டயர் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய டயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பூ (தரையில் படும் பள்ளக் கோலம்) நல்ல ஆழம். பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனிப்படிகமும் பொறித்திருக்கிறது. பனிக்கே தாங்கும் டயர் நம் மழைக்கும் தோட்டத்துச் செம்மண் சடக்குக்கும் தாங்காதா? என் மைவி காருக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது பனிக்கால டயரின் முத்திரை. ஸ்டட்லெஸ், அதாவது ஆணி பதிக்காத பனி டயர், என்று மட்டும் எழுதியிருந்தாலும் அதே வகைதான். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். அந்தக் குளிரிலும் விறைக்காமல் இருக்கத்தான் இதை மிருதுவாகச் செய்து, பூவின் ஒவ்வொரு கட்டியிலும் மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். நம் வெயிலில் அதே கட்டிகள் பிரேக் போட்டதும் வளைந்து கொடுக்கும். நிற்கும் தூரம் கூடும், தேய்மானமும் வேகம். சூடான ஈரச்சாலையிலும் சாதாரண டயரின் பிடி இதற்குக் கிடையாது. மழைக்கென்றே வாங்க நினைக்கும் உங்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆழத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாதி தேய்ந்ததும் பள்ளத்திலிருந்து ஒரு மேடை எட்டிப்பார்க்கும். அதோடு அது பனிக்கு ஆகாது. அதனால் பூ பாதி மிச்சமிருக்கும்போதே ஜப்பானில் கழற்றிவிடுகிறார்கள். வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். உங்கள் காடிக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அதே அளவில் சாதாரண டயர் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோ போகிறோம். நான்கு சக்கர இயக்கமுள்ள கார் வாடகைக்கு எடுத்தால் போதும்தானே?

பதில்: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயர்தான். ஹொக்கைடோவில் குளிர்கால வாடகைக் கார்கள் ஸ்டட்லெஸ் டயரோடுதான் வரும். தோக்கியோவில் எடுத்து நாகானோ மலைக்குப் போவதாக இருந்தால் முன்பதிவிலேயே கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் தனிக் கட்டணம். ஆணி பதித்த டயரை அங்கே தேடாதீர்கள். தாரைச் சுரண்டித் தூசி கிளப்பியதால் 1990இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள். பின்லாந்தில் இன்னும் ஓடுகிறது.

புறப்படுமுன் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்த வகைதான் ஜப்பானில் செல்லும். கார் வாடகை ஒப்பந்தத்தில் என்.ஓ.சி. (NOC) என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மோதினால், பழுது பார்க்கும் நாட்களுக்காக, காப்புறுதி இருந்தாலும் தனியே பிடிக்கும் தொகை அது. அதைத் தவிர்க்கும் கூடுதல் காப்பு பெரும்பாலும் கிடைக்கும். எங்கள் கருத்தில் பனிக்காலத்தில் அதை விடக்கூடாது.

சாலைச் சந்திப்புகளில் கார்கள் நின்று நின்று பனியைக் கண்ணாடியாக்கிவிடும். தொலைவிலேயே வேகம் குறையுங்கள். வழுக்கும்போது பிரேக் மிதி அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது. சாலையோரத்தில் மேலே தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புக்குறி, பனிக்கடியில் சாலை எங்கே முடிகிறது என்று காட்டும். இரவில் நிறுத்தும்போது பி கியர் மட்டும் போடுங்கள். ஹேண்ட் பிரேக் கம்பி உறைந்துவிடலாம். வைப்பரைத் தூக்கி வையுங்கள். பனிப்புயலில் சிக்கினால் எஞ்சினை அணையுங்கள்: புகைக்குழாய் மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.

கேள்வி: கனடாவின் வின்னிப்பெக்கில் படிக்கும் மகன் வாங்கவிருக்கும் பழைய காரின் முன்பக்கம் ஒரு மின்சார பிளக் தொங்குகிறதாம். கோளாறா?

பதில்: இல்லை, நல்ல சமாச்சாரம். எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் அது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு செருகி வைத்தால் எண்ணெய் இறுகாமல் எஞ்சின் எளிதாகப் பிடிக்கும். விலை பேசுமுன் அது வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எஞ்சினையே பிளந்துவிடும். கூலண்டும் தண்ணீரும் சரிபாதி வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். மகன் இருக்கும் மனித்தோபாவில் கட்டாயமில்லை, ஆனாலும் நான்கும் மாற்றட்டும். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும்.