தசாட்டினிபிலிருந்து பொனாட்டினிபுக்கு மாறலாமா?

வணக்கம். பிலடெல்பியா குரோமோசோம் (இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறியதால் உண்டான பிறழ்ந்த குரோமோசோம்) உள்ள லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குத் தசாட்டினிப் மாத்திரை எடுத்துவரும் உங்கள் தந்தையாருக்கு, அந்தக் குரோமோசோமில் உருவாகி நோயின் அளவைக் காட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுவின் அளவு மீண்டும் ஏறியிருப்பதாகவும், மருத்துவர் அதே வகை மாத்திரையான பொனாட்டினிபைப் பரிந்துரைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மரபணுப் பிறழ்வுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே மாற்றிவிடும் டி315ஐ (T315I) என்ற பிறழ்வு இருந்தால், இதே வகையைச் சேர்ந்த இமாட்டினிப், தசாட்டினிப் இரண்டும் பலன் தருவதில்லை. பொனாட்டினிப் அதையும் அடக்கக்கூடியது என்பதால் மருத்துவரின் யோசனை நியாயமானதே. ஆனால் அது ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்கக்கூடும். ஆகவே அவருக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பழைய நெஞ்சுவலியோ இருந்தால் எதையும் விடாமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் தசாட்டினிப் உடலில் சேர்வதையே குறைத்துவிடும். அவர் அப்படி ஏதேனும் சாப்பிட்டுவந்தால் மருத்துவர் அதை அறிந்திருக்க வேண்டும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

மாத்திரையுடன், உடலின் நோயெதிர்ப்புச் செல்களைப் புற்றுச் செல்கள்மீது ஏவும் மருந்தான பிளினாட்டுமோமாபைச் சேர்க்க இயலுமா என்பதும் கேட்கத் தக்கதே. இத்தாலியில் தசாட்டினிபுடன் அதைச் சேர்த்து, வழக்கமான கீமோதெரபி இல்லாமலே தொடக்கச் சிகிச்சை அளித்த ஆய்வு 2020இல் நல்ல பலனுடன் வெளியானது. எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்பதால், உடன்பிறந்தோரின் எச்எல்ஏ (HLA) எனும் திசுப் பொருத்தப் பரிசோதனையை இப்போதே தொடங்கலாமா என்றும் கேளுங்கள்.