ராஜினாமா கடிதம் பீரோவிலேயே இருக்கட்டும்

வாசகியின் கேள்வி:

"கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 47 வயது. தேயிலை பேக்டரியில் டீமேக்கர். முன்பு வேறு இரண்டு பேக்டரிகளில் 14 வருஷம், இப்போதைய கம்பெனியில் நாலேகால் வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்பே 'இலை வாசம் சரியாகத் தெரியமாட்டேங்குது' என்று சொல்வார். கொரோனா வந்து போனதால்தான் என்று விட்டுவிட்டோம். போன வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கோவையில் நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்குத் தெரியும். 'பச்சை இலை எடை போடும் இடத்துக்கு மாறிக்கொள், சம்பளம் 8000 குறையும். முடியாதென்றால் மரியாதையோடு எழுதிக் கொடுத்துவிடு' என்கிறார். இவர் கடிதமே எழுதி பீரோவில் வைத்துவிட்டார். கனடாவில் இருக்கும் என் தம்பி, அங்கெல்லாம் நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் இன்சூரன்ஸ் மாதாமாதம் பணம் தரும் என்கிறான். இங்கே அப்படி உண்டா? நோயைச் சொல்லாமல் புதுப் பாலிசி போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் வந்து போகிறார். போடலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடிதம். அது பீரோவிலேயே இருக்கட்டும். இன்றைக்கு இரவு சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருக்கிறாரா? பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். என் பெரியண்ணனும் அப்படித்தான் எழுதினார்.

அவருக்கு வந்தது தசைச்சிதைவு நோய். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்பவர்கள் அவருக்காகக் காத்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மாலை ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நோயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது அவருடைய கௌரவம். ஆறு மாதம் கழித்து நாங்கள் பணத்துக்காக அலைந்தபோது, போன இடமெல்லாம் அந்த நாலு வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். 'அவரே விருப்பப்பட்டுப் போனதாக எழுதியிருக்கிறாரே, நோயால் போனதாக இல்லையே' என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் நீங்கள் கடைசியில் கேட்டிருக்க வேண்டியதை நான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் தம்பி சொல்வது சரிதான். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் நெடுங்கால ஊனக் காப்பீடு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வேலை தரும் கம்பெனி மூலமாக வரும். நோயோ விபத்தோ, வேலை செய்ய முடியவில்லை என்றால் மூன்று மாதமோ ஆறு மாதமோ காத்திருந்த பிறகு சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மாதாமாதம் தருவார்கள். நம் ஊரில் தனி ஆள் போய் வாங்கும்படி அது கிடைப்பது அரிது. சில பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் குழுவாக எடுத்து வைத்திருப்பதுண்டு. மற்றபடி இங்கே அந்த ஒரே குடைக்குப் பதில் நாலைந்து சின்னக் குடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை. எது எங்கே ஒழுகும் என்று தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டியதுதான்.

கம்பெனியில் ஏதாவது குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். 'ஆக்சிடென்ட்டுக்கு மட்டும்தான்' என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். விபத்துக் காப்பீடு நோய்க்கு வராது, அது உண்மை. உங்கள் பழைய எல்.ஐ.சி. பாலிசியில் ஊனப் பலன் என்று ஒன்று இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் விபத்தால் வந்த ஊனத்துக்குத்தான். ஆனால் குரூப் ஆயுள் காப்பீட்டில் நிரந்தர முழு ஊனத்துக்கோ தீவிர நோய்க்கோ தனி இணைப்பு சேர்த்திருக்கலாம். அப்படி இருந்தாலும் ஊழியருக்கே தெரியாமல் கிடப்பது நான் பலமுறை பார்த்தது. ஆகவே பாலிசியின் முழு நகல் வேண்டும், விளம்பரத் தாள் போதாது.

நகல் கைக்கு வந்ததும் 'ஊனம்' என்பதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தைத் தேடுங்கள். 'தன்னுடைய வேலையைச் செய்ய இயலாமை' என்று இருக்கிறதா, 'எந்த வேலையையும் செய்ய இயலாமை' என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவே மலையும் மடுவும் அளவு வித்தியாசம். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்த இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும்போது, பச்சை வாடை போய் ஒரு பழ வாசனை எழும் அந்த நேரத்தில் டிரையருக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் டீ பச்சையடிக்கும், பிந்தினால் சாறு செத்துவிடும். டீமேக்கருக்கு மூக்குதான் கடிகாரம். பார்க்கின்சனில் நடுக்கம் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே வாசனை குறைந்துபோவது பலருக்கு நடக்கும். கொரோனா என்று நீங்கள் விட்டுவிட்டதில் தவறில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் இப்போது அது முக்கியமான தகவல். நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார், எடை போடுவார். ஆனாலும் டீமேக்கர் வேலைக்கு அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. முதல் வகை விளக்கம் என்றால் இது கணக்கில் வரும். இரண்டாம் வகை என்றால் இன்றைக்கு வராது. நரம்பு டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது வாசனை விஷயத்தையும், அது எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விபத்துக்கு ஒரு தேதி இருக்கும். மெல்ல மெல்லக் கூடும் நோய்க்கு அப்படி ஒரு நாளைக் காட்ட முடியாது. ஆனால் இன்சூரன்ஸ்காரர் கேட்பது ஒரு தேதியைத்தான். அந்தத் தேதி குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போது வந்திருக்க வேண்டும். வேலையை விட்ட நாளோடு பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். அதனால் இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பெரிய கட்டுரையெல்லாம் வேண்டாம். 'சட்டைப் பொத்தான் போட 12 நிமிஷம்.' 'டம்ளர் தவறியது.' 'இரவு ஷிப்டில் டிரையர் சூடு பார்க்கச் சொல்லி உதவியாளரை அனுப்பினார்.' இப்படி ஒரு வரி போதும். இன்னொன்று: இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பேக்டரியில் அவர் தினமும் எழுதும் ரிஜிஸ்டரில் நாலு வருஷத்துக்கு முன் எழுதிய பக்கத்தையும் போன வாரப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் போட்டோ எடுத்து வைத்தால், எந்த டாக்டர் சீட்டுக்கும் குறையாத சாட்சி அது.

சரி, எடை போடும் வேலைக்கு மாறலாமா? மாறலாம் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் சும்மா மாறக்கூடாது. குரூப் காப்பீட்டுத் தொகையைப் பல கம்பெனிகளில் சம்பளத்தின் மடங்காகத்தான் கணக்கிடுகிறார்கள். சம்பளம் 8000 குறைந்தால் நாளைக்கு வரும் தொகையும் அந்த அளவுக்கு இறங்கும். ஆகவே முதலில் பாலிசி நகல், அப்புறம் மாற்றம். சம்பளம் குறையாமல் மாற்றித் தர முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறுத்தாலும், மாற்ற உத்தரவில் 'உடல்நலக் காரணத்தால், மருத்துவர் பரிந்துரைப்படி' என்ற சொற்கள் இருந்தே ஆக வேண்டும். மேனேஜர் நல்லவராகத் தெரிகிறார், இதை மறுக்கமாட்டார். டான்டீ மாதிரி அரசு நிறுவனமாக இருந்திருந்தால், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் கம்பெனியை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. எனக்கு அது இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஏஜென்ட் விஷயத்தில் என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். விண்ணப்பத்தில் 'நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டுக்காரர், ஏஜென்ட் இல்லை. கமிஷன் அவருக்கு முதல் வருஷமே வந்துவிடும், கோவை ஆஸ்பத்திரி ரெக்கார்டு உங்கள் கையில்தான் இருக்கும். 'மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் கேட்க முடியாது' என்று அவர் சொல்லக்கூடும். ஆயுள் காப்பீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு விதி உண்டு. உண்மையைச் சொன்னவரைப் பின்னால் அலைக்கழிக்காமல் காக்க வந்தது அது. மருத்துவக் காப்பீட்டில் 60 மாதம் கழித்தும் மோசடி என்றால் மறுக்கலாம். தவிர, தீவிர நோய்ப் பாலிசிகளுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் பொது விளக்கம் கொடுத்த 22 நோய்களில் தண்டுவட மரப்பு நோய் இருக்கிறது, இயக்க நரம்பு நோய் இருக்கிறது, பார்க்கின்சன் இல்லை. சில பாலிசிகளில் தனியாகச் சேர்த்திருப்பார்கள். ஆனாலும் முன்பே கண்டுபிடித்த நோய்க்குப் பணம் வராது. மாதாமாதம் கட்டும் பிரீமியம்தான் வீண். அந்தக் காசை மகள் படிப்புக்கு வையுங்கள். இந்தக் கம்பெனியில் குரூப் மருத்துவக் காப்பீடு இருந்தால், பிற்பாடு வேலையை விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். புதிதாகப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியவை. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் வேண்டும் என்பார்கள். இவருக்கு இன்னும் ஒன்பது மாதம் குறைகிறது, இன்றைக்கு 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். நோயாலோ விபத்தாலோ ஊனமுற்று வேலை முடிந்தால் அந்த ஐந்து வருஷக் கணக்கு கிடையாது. முன்பு செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமல் போவதுதான் அங்கே ஊனம். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் அதே மாதிரி ஒரு கதவு இருக்கிறது. சாதாரணமாக 50 வயதுக்கு முன் மாத ஓய்வூதியம் கிடையாது. ஆனால் பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போனவருக்கு வயதைப் பார்க்காமல் தருகிறார்கள். ஊனம் வேலையால்தான் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மருத்துவக் குழு பார்க்கும், படிவம் 10டி கொடுக்க வேண்டும். தொகை பெரிதல்ல, குறைந்தபட்சம் 1000 ரூபாய், சர்வீஸைப் பொறுத்துக் கூடும். பழைய இரண்டு பேக்டரிகளின் பி.எஃப். கணக்குகளும் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள், அந்த 14 வருஷத்தை விட்டுவிடக்கூடாது. இன்றைய நிலையில் அவருக்கு இந்த ஓய்வூதியம் கிடைக்காது, நோய் அந்த அளவுக்கு இல்லை. என்றைக்காவது முடியாமல் விலகும்போது, கம்பெனி பி.எஃப். இணையதளத்தில் விலகும் காரணத்தைப் பதிவு செய்யும். அதில் 'நிரந்தர ஊனம்' என்று தனியாக ஒரு காரணம் உண்டு. அதைத்தான் பதிய வேண்டும். வேறு எதையாவது பதிந்துவிட்டால் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன் பெயரோடு அதில் இருக்கிறது. 40 சதவீதம் என்று சான்று வந்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. உதகையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். முதல் தடவை சதவீதம் குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். கூடுகிற நோய் என்பதால் மறுபடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவக் குழுவுக்குப் போகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விடியற்காலையில் கிளம்பி, பஸ்ஸில் மாத்திரை போட்டு, உதகையில் இறங்கும்போது மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். டாக்டர் முன்னால் கை நடுங்காது, நடை சரியாக இருக்கும். 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று எழுதிவிடுவார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், ஆபத்து. காலையில் முதல் மாத்திரைக்கு முன் அவர் கட்டிலிலிருந்து எழுந்திருப்பது, பொத்தான் போடுவது, டம்ளர் எடுப்பது, இவற்றை மகளை விட்டு செல்போனில் வீடியோ எடுத்துவைத்து, அதையும் காட்டுங்கள்.

எந்த இன்சூரன்ஸ் கம்பெனியாவது மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று அவர் நினைக்கிறார், என் அண்ணனும் அதைத்தான் நினைத்தார். பதினெட்டு வருஷமாக இலையின் நேரம் பார்த்து இறக்கியவர் அவர். தன் விஷயத்தில் மட்டும் நேரம் தப்பி இறக்கிவிட வேண்டாம்.

பாலிசி நகல் கிடைத்ததும் பாலிசி எண்ணையும் பெயர்களையும் மறைத்துவிட்டு இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள். அவர் எழுதிய கடிதத்தின் நகலையும் வையுங்கள். இரண்டையும் படித்துவிட்டு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.