சின்னம் மாறியது, டி.ஏ. வந்ததா?

கேள்வி: என் மகன் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ஃபுட்பால் ஆடுகிறான். இதுவரை எல்லா டீமும் பல்கலைக்கழகத்தின் பேரில்தான் ஆடின. இந்த வருடம் திடீரென்று ஒரு விலங்கின் பேரை ஆங்கிலத்தில் வைத்து, புது லோகோ போட்டு, பெரிய ஹோட்டலில் விழா எடுத்திருக்கிறார்கள். போன டோர்னமென்டுக்குப் போய்வந்த டி.ஏ. (தினப்படி) பணமே பையன்களுக்கு இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பேர் கிடைக்கவில்லையா? நம் பாரம்பரியம் என்ன ஆவது?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வியாசர்பாடி

பதில்: டி.ஏ. வரவில்லை என்ற விஷயத்தை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கேள்விக்குறி இரண்டையும் தமிழுக்கும் பாரம்பரியத்துக்கும் கொடுத்துவிட்டீர்கள். 'சீறும் காளைகள்' என்று வைத்திருந்தால் பணம் வந்திருக்குமா? (விலங்கு எது என்று நீங்கள் எழுதியிருந்ததை நான்தான் வெட்டினேன். அதைப் போட்டால் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிந்துவிடும். பையன் அங்கே இன்னும் படித்தாக வேண்டுமே.)

பாரம்பரியம் என்கிறீர்கள். அணிகளுக்குப் பட்டப்பேர் வைப்பது நம் பல்கலைக்கழகங்களின் வழக்கமே இல்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கூடைப்பந்து, நீச்சல், ஓட்டம் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா அணிக்கும் ஒரே பட்டப்பேர். மேட்ச் டிவியில் ஓடும், பனியனும் தொப்பியும் விற்கும். படித்து முடித்துப் பேரன் எடுத்தவர்கூட அதே தொப்பியோடு வந்து உட்காருவார். அதனால் அங்கே பேரில் கைவைத்தால் ரகளைதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிகளுக்கு 'இந்தியன்ஸ்' என்று பேர் இருந்தது, அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறித்து. பூர்வகுடி மாணவர்கள் எதிர்த்ததால் 1972-ல் அதைக் கைவிட்டார்கள். 1981 முதல் 'கார்டினல்'. பறவை இல்லை, சிவப்பு நிறத்தின் பேர். அந்த மாற்றத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. மில்வாக்கியில் உள்ள மார்கெட் (Marquette) பல்கலைக்கழகம் 2005-ல் யாரையும் கேட்காமல் அணிகளின் பேர் இனி 'கோல்டு' என்று அறிவித்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் பிடித்த பிடியில் ஒரே வாரத்தில் வாபஸ் வாங்கியது. அப்புறம் ஓட்டுக்கு விட்டார்கள். ஏற்கெனவே இருந்த 'கோல்டன் ஈகிள்ஸ்' பேரே ஜெயித்தது.

சரி, இங்கே நிலைமை என்ன? இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில், தென்மண்டலம் ஆனாலும் அகில இந்தியா ஆனாலும், டிராவில், அதாவது யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலில், ஏறுவது பல்கலைக்கழகத்தின் பேர். புதுப் பேருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஜெர்ஸியில் வரும், பஸ்ஸில் வரும், அட்மிஷன் விளம்பரத்தில் வரும். விளம்பரத்துக்காகத்தான் மற்றதெல்லாம் என்பது என் சந்தேகம். பல்கலைக்கழக விளையாட்டுக்கு நம் நாட்டில் உச்சம் மாகா கோப்பை, மௌலானா ஆசாத் பேரில் உள்ளது. அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதை 20 தடவைக்கு மேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர்கள் அணிக்கு என்ன விலங்கு என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

லோகோ மாற்றுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பட்டச் சான்றிதழுக்காக வரைந்த முத்திரையை ஜெர்ஸியில் அடித்தால் பத்தடி தள்ளி மை கொட்டினதுபோல் தெரியும். சென்னைப் பல்கலைக்கழக முத்திரையில் புலி இருக்கிறது, யானைத் தலைகள் இருக்கின்றன, தாமரை இருக்கிறது. போதாததற்கு லத்தீனில் ஒரு வாசகம்: பிறவித் திறமையைக் கல்வி வளர்க்கும் என்று. ஆட்டக்காரனுக்குப் பொருத்தமான வரிதான், ஓடுகிறவன் மார்பில் யார் அதை வாசிப்பது? விளையாட்டுக்கென்று இரண்டே நிறத்தில் எளிமையாக ஒரு சின்னம் செய்துகொள்ளட்டும். ஆனால் ஆடுகிறவனைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். 1911-ல் கிட்டத்தட்ட எல்லோரும் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஜெயித்த கொல்கத்தா ஃபுட்பால் கிளப் மோகன் பகான். 2020-ல் இன்னொரு கொல்கத்தா கிளப்போடு இணைத்தார்கள், அதன் பேரான 'ஏ.டி.கே.' முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் விடவே இல்லை. 2023-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அன்றைக்கே முதலாளி அந்த மூன்று எழுத்தை எடுப்பதாக அறிவிக்க வேண்டிவந்தது. ஜெயித்த ராத்திரியிலும் ரசிகனுக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது.

வடசென்னைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்காரர்கள் மோதிய காலத்தில் எந்த ஹோட்டலில் லோகோ வெளியிட்டார்கள்? இன்றைக்கும் ராயபுரம் பக்கம் ஒரு பெரியவர் "நாங்க சார்பட்டா" என்று சொல்லும்போது முதுகு நிமிர்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை முல்லை நகர் மைதானத்தில் நின்று ஆட்டம் பார்த்தேன். குள்ளமாக ஒரு பையன், அண்ணனுடையதோ என்னவோ, முழங்காலைத் தொடும் ஒரு பழைய காலேஜ் ஜெர்ஸி. மார்பில் ஒட்டியிருந்த சின்னம் உரிந்து ஏதோ ஒரு மிருகத்தின் வாலும் ஒரு காலும் மட்டும் மிச்சம். வலது பூட்ஸின் முனை வாய் பிளக்காமல் இருக்க கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான். அவன் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வந்தபோது ஓரத்தில் நின்ற மொத்தக் கூட்டமும் "சுண்டெலி, அடிச்சுடுறா!" என்று கத்தியது. அடித்தான். பந்து போஸ்டில் பட்டுத் திரும்பிவிட்டது, அது வேறு கதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பேர் கேட்டு மனு எழுதாதீர்கள். மகனின் கட்டண ரசீதை எடுத்து விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் நகலோடு, எந்தத் தேதியில் எந்த ஊருக்கு எத்தனை பேர் போனார்கள், ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி, டீம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு பி.டி. சாரிடமும் பதிவாளரிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். தனியாகக் கொடுத்தால் அடுத்த மேட்சில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். புது லோகோ போட்ட லெட்டர்பேடில் பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மகன் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று எழுதவில்லையே? மறுபடியும் முல்லை நகர் பக்கம் வருவதாக இருக்கிறேன். அங்கே அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.