பெயரில் இருக்கும் ஊரை நம்பலாமா? இசைக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்கும் விதம்

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் குடமுழுக்கு மலரில் எங்கள் ஊர் நாகஸ்வர வித்வான் ஒருவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பிறந்த ஆண்டு இணையத்தில் 1925 என்று இருக்கிறது. பேரன் 1929 என்கிறார். வீட்டில் மாட்டியிருக்கும் படத்துக்குக் கீழே 'விபவ வருஷம் மாசி மாதம்' என்று எழுதியிருக்கிறது. வானொலியில் வாசித்தார், பட்டங்கள் வாங்கினார் என்றும் சொல்கிறார்கள். எதை நம்பி எழுதுவது?

பதில்: படத்திலிருந்தே தொடங்குங்கள். விபவ வருஷம் 1928 சித்திரையில் பிறந்தது. மாசி வரும்போது ஆங்கில ஆண்டு மாறிவிடும் என்பதால், அந்த மாசி 1929 பிப்ரவரி–மார்ச். பலர் விபவ என்றதும் 1928 என்று போட்டுவிடுவார்கள். தை, மாசி, பங்குனியில் பிறந்த எத்தனையோ கலைஞர்களுக்கு இப்படித்தான் ஒரு வயது கூடிப்போயிருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, பேரன் சொல்வதும் படமும் ஒத்துப்போகின்றன. ஆனால் பேரனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். "படத்தில்தான் போட்டிருக்கே" என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு சாட்சி இல்லை, ஒன்றுதான். இணையத்து 1925-ம் அப்படியே. இருபது பக்கங்களில் இருந்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துப் போட்டதாக இருக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாத பக்கத்துக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. யார் எழுதினார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும்: ஒவ்வொரு தகவலிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். சம்பவம் நடந்த நாளுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதற்கே என் ஓட்டு.

பிறப்புப் பதிவு கிடைத்தால் நல்லது. திருவாடானை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பழைய பதிவுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. ஆண், தகப்பனார் பெயர், தாயார் பெயர், தேதி, அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள் எத்தனை பேர், எந்த வரிசையில் பிறந்தார்கள் என்று தெரியாமல் போனால் அண்ணனின் பதிவைத் தம்பியுடையது என்று எடுத்து வந்துவிடுவீர்கள்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை அவ்வளவு நம்பாதீர்கள். தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. வாத்தியார் தனக்குத் தோன்றிய ஒரு தேதியைப் போட்டிருப்பார்.

அடுத்தது ஊர். நம் பக்கத்தில் அதிகம் தவறு நடப்பது இதில்தான். இசைமுரசு நாகூர் ஹனிபா பிறந்தது நாகூரில் இல்லை, ராமநாதபுரம் வெளிப்பட்டணத்தில். நாகூர் அவருடைய தந்தையின் ஊர். பெயரில் ராமநாதபுரத்தை (ராம்நாட்) வைத்திருந்த கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணனோ கேரளத்து ஆலப்புழையில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் பூர்வீகமாக இருக்கலாம், வளர்ந்த இடமாக இருக்கலாம், குருவின் ஊராகக்கூட இருக்கலாம். பிறந்த இடம் என்று எழுத அது மட்டும் போதாது.

'ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தார்' என்ற வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1910-ல் உருவான பழைய மாவட்டம் பெரியது. 1985-ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. அதற்கு முன் எழுதிய நூலில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தால் அது காரைக்குடியாகவும் இருக்கலாம், சிவகாசியாகவும் இருக்கலாம். கடற்கரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வயதுக்கும் ஹனிபாவையே சொல்கிறேன். பிறந்தது 25 டிசம்பர் 1919, மறைந்தது 8 ஏப்ரல் 2015. நிறைந்த வயது 95, நடப்பு வயது 96. இரண்டையும் எழுதலாம், இரண்டும் பிழையில்லை. ஆனால் 96-ஐ மட்டும் வைத்துக்கொண்டு 2015-லிருந்து கழித்தால் 1919 வரும். 95-ஐக் கழித்தால் 1920 வரும். ஒருவருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் வந்துவிடுவது இப்படித்தான். தொண்டி, கீழக்கரைப் பக்கம் இஸ்லாமிய ஹிஜ்ரி கணக்கில் வயது சொல்லும் பெரியவர்களும் உண்டு. அந்த வருஷம் ஆங்கில வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 95 வயதுக்காரருக்கு அதில் ஏறக்குறைய 98 வந்துவிடும்.

வானொலியில் வாசித்தார் என்றால் வீட்டில் ஒப்பந்தக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். தகரப் பெட்டி, சாமி அறைப் பரண், பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு, எல்லா இடத்திலும் தேடுங்கள். கடிதம் இல்லாவிட்டால், நிலைய நிகழ்ச்சி நிரலை அச்சிட்ட 'வானொலி' இதழ்களில் பெயர் கிடைக்கலாம். திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. அதற்கு முன்பே திருச்சி வானொலியில் வாசித்தார் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பழைய பத்திரிகைகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் உண்டு. கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி விருது போன்றவற்றுக்கு விருது பெற்றவர்களின் பட்டியல் உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ச் சபை கொடுத்த பட்டத்துக்குப் பட்டியல் இருக்காது. கேடயத்தையோ வாழ்த்து மடலையோ கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். அது சின்னப் பட்டம் என்று விட்டுவிட வேண்டாம், ஊர் மனதார எழுதிக் கொடுத்தது.

பெரியவர்களிடம் 'எந்த வருஷம்' என்று நேராகக் கேட்டால் பதில் வராது. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். 1964 டிசம்பர் இறுதியில் அடித்த அந்தப் புயல் இந்தக் கரையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "புயலுக்கு மறு வருஷத் திருவிழாவில்தான் அவருக்குச் சங்கிலி போட்டோம்" என்று ஒருவர் சொன்னால், அதைச் சொன்னவர் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவரும் தனியாக அதையே சொல்கிறாரா என்று அப்புறம் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் முடிவு கிடைக்காவிட்டால் மலரில் இப்படி எழுதலாம்: "1929 பிப்ரவரி அல்லது மார்ச்சில் பிறந்தார் என்பது குடும்பத்தார் வைத்திருக்கும் குறிப்பு, 1925 என்றும் சிலர் எழுதியுள்ளனர்." அந்தப் படத்தை, கீழே உள்ள எழுத்து தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து மலரிலேயே போட்டுவிடுங்கள்.