மூங்கில் கூடையில் மாவு கொட்டினால்

உங்கள் மகளிர் குழு மூங்கிலில் பின்னி அனுப்பிய விளக்குக் கூடுகளில் மாவு போன்ற தூள் கொட்டுகிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியதை உங்கள் கடிதத்தில் படித்து வருந்தினேன். பின்னிய கைகளின் மேல் பழி போடாதீர்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் துளைப்பான் வண்டின் வேலை இது.

முதலில் வெட்டும் பருவத்தைக் கவனியுங்கள். இளங்கழி வேண்டாம், மூன்று, நான்கு வயதான கழியை மழைக்காலம் முடிந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். 100 லிட்டர் நீரில் 2 கிலோ போரிக் அமிலமும் 3 கிலோ வெண்காரமும் (போராக்ஸ்) கரைத்து, பிளந்த பத்தைகளைச் சில நாட்கள் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். பூச்சு பிறகுதான். உணவு வைக்கும் தட்டுகளுக்கு இந்தக் கரைசல் கூடவே கூடாது. அவற்றுக்கு வெறும் நீரில் சில வாரங்கள் ஊறவைக்கும் பழைய முறையே நல்லது. நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

வனத்துறை அனுமதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் இந்திய வனச் சட்டப்படி மரம் அல்ல. பட்டா நிலத்து மூங்கிலை வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள்.

விலையை மட்டும் இப்போது குறைக்காதீர்கள். ஊறவைக்கும் செலவையும் பெண்களின் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த ஆர்டருக்கு முன் கடைக்காரரிடம் பேசுங்கள்.